முதலில் பத்தவைத்தவருக்கு போன்

எங்கள் அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவோம், சவுதியில் வேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமாவின் செல்லுக்கு போன் வரும். அம்மா வாங்கி, “நல்லா இருக்கீங்களா, சாப்ட்டீங்களா” என்று கேட்டுவிட்டு அக்காவிடம் தந்துவிடுவாள். அப்புறம் அண்ணன். கடைசியில் நான். நான் “அத்தா” என்பேன். அவர் “செல்லம்” என்பார். அவருடைய போன் கார்டு தீர்ந்துவிடும். இரண்டு வருஷமாக நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

கூடுவாஞ்சேரியில் அத்தா ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். லேஅவுட் என்று பேர். நாலு பக்கம் கல், மீதியெல்லாம் முள்ளுக்காடு. கல்லை யாரும் நகர்த்தவில்லையே என்று பார்க்க அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறிப் போவோம்.

மாமா அம்மாவின் தம்பி. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை. டிவியில் ஒரு வெள்ளைக்காரன் காட்டில் மாட்டிக்கொண்டு புழு தின்றதைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சு.

“காட்ல மாட்டிக்கினா மொதல்ல நெருப்பு வோணும். இந்த வாட்டி டீ நம்ம மனையிலதான். பத்தவெக்க ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துகினு வாங்க. யாரு மொதல்ல பத்தவெக்கிறாங்களோ, வெள்ளிக்கெழம அவங்கதான் மொதல்ல பேசணும்.”

“ஸ்டேஷன்கிட்டயே டீக்கடை இருக்கேடா” என்றாள் அம்மா.

“காட்ல ஏதுக்கா டீக்கடை?”

அக்கா தீப்பெட்டி எடுத்தாள். அண்ணன் பூதக்கண்ணாடி எடுத்தான். நான் பீரோவில் துணிக்கு அடியில் இருந்த அத்தாவின் லைட்டரை எடுத்தேன். தங்கக் கலரில் தகர லைட்டர். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் உள்ளே போகும்போது அத்தா, “பிளேன்ல இத வுடமாட்டாங்க, நீ வெச்சிக்கோ” என்று என் கையில் தந்தது. நான் ஒரு தடவைகூடப் பத்தவைத்ததில்லை. பத்தவைத்தால் தீர்ந்துவிடும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். சில ராத்திரி பீரோ கதவு கிறீச்சிடும், அம்மா துணி மடித்து வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடுவேன்.

மனையில் ஆளுக்கொரு குவியல் சருகு சேர்த்தோம். காற்று அடித்தது. அக்காவின் குச்சிகள் உரசியதும் அணைந்தன. அண்ணன் கண்ணாடியைப் பிடித்ததில் கொஞ்சம் புகை வந்தது. உடனே மேகம் மூடிக்கொண்டது. அவன் வானத்தைத் திட்டினான்.

நான் அவசரப்படவில்லை. வெள்ளிக்கிழமை என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன். எப்ப வருவீங்க என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லி முடிக்கிறவரை கேட்க வேண்டும்.

லைட்டரை அழுத்தினேன். பொறி பறந்தது. நெருப்பு வரவில்லை. கட்டைவிரல் சிவக்கும்வரை அழுத்தினேன்.

“வுட்ருடி, தேஞ்சிடப் போவுது” என்றான் அண்ணன்.

மாமா வாங்கிக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். “காலி. கேஸே இல்ல.”

“நான் தொடவே இல்லியே!” என்று கத்தினேன். அண்ணனைப் பார்த்தேன்.

“அல்லா மேல சத்தியமா நான் இல்லடி.”

அம்மா மூலைக்கல்லைச் சுற்றி முள் பிடுங்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. “நான்தான் எடுத்தேன். அடுப்பு பத்தவெக்க” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அதற்குள் அக்கா காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்து, பத்தவைத்துவிட்டாள். எல்லோரும் டீ குடித்தார்கள். நான் குடிக்கவில்லை. ரயிலிலும் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கும் முன்னால் அக்கா பேசினாள். பரீட்சை, கம்மல், எல்லாம் பேசினாள். அண்ணன் செருப்பு கேட்டான். என் கைக்கு வந்தபோது, எப்ப வருவீங்க என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் வேறு வந்துவிட்டது.

“அத்தா, உங்க லைட்டர்ல இருந்த கேஸ அம்மா தீத்துட்டாங்க. எங்கிட்ட சொல்லவே இல்ல.”

 

“அம்மாகிட்ட குடும்மா” என்றார்.

அத்தா அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அம்மா வாங்கிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் அங்கேயே நின்றிருந்தோம். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தா என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். இவள் “ம்” என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி “ம்”. ஒருமுறை மட்டும், மெதுவாக, “ஆமாங்க” என்றாள். கார்டு தீர்ந்த பிறகும் செல்லைக் காதிலேயே வைத்திருந்தாள்.

அப்புறம் செல்லை மாமாவிடம் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. ஆணியில் தொங்கிய அடுப்பு லைட்டரை எடுத்து டக் டக்கென்று அடித்தாள். அடுப்பு பத்திக்கொண்டது. எங்கள் வீட்டு அடுப்பை எந்நாளும் அதில்தான் பத்தவைப்பாள்.

நன்றாகத் திட்டு விழுந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.