ஏலத்தில் போன மேசன்

மன்னார் தீவிலும் எதிர்க்கரையிலும் நான் கட்டிய சுவர்களைச் சுற்றிக் காட்டுவதென்றால் ஒரு பகல் காணாது. இலுப்பைக்கடவையில் பள்ளிக்கூடம், உயிலங்குளத்தில் நெல் வைக்கிற மண்டபம், டவுணில் மாடிக் கடை, எல்லாம் இந்தக் கைதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். பிறகு பள்ளிக்கூடத்தையே கட்டிக் கொடுத்தேன். படித்த ஆட்களில் அப்படிச் செய்தவர் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

காலையில் எழும்பினால், 'என்னையும் எனக்குள்ள எல்லாத்தையும் உமக்கு ஒப்புக்குடுக்கிறன் ஆண்டவரே' என்று சொல்லாமல் நான் தேத்தண்ணி குடித்ததில்லை. அம்மா பழக்கினது. வாய் அதைச் சொல்லும். மனம் அன்றைக்கு வருகிற மணல் லோட்டை எங்கே பறிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் செபத்தை ஆண்டவர் ஒரு வருசத் திருநாளில் அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் திருநாள் அது. எங்களுக்கு முன்னாலேயே உடைமுள் ஊருக்குள் குடிவந்திருந்தது. வெட்டி, எரித்து, தகரக் கொட்டில்கள் போட்டு, ஒருவாறு கோயிலுக்கும் ஓடு போட்டுவிட்டோம். முன்றலில் மாதா சிலை நிற்கிற கல்குகை, கெபி, மட்டும் இடிந்தபடி கிடந்தது. அந்தக் கெபியில் எனக்கு ஒரு கண். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற இடம். அதை நான் கட்டினால் சனம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போகும்.

எங்கள் பக்கத்தில் திருநாள் பூசை முடிந்ததும் ஏலம் நடக்கும். சனம் நேர்ந்து கொண்டுவந்த கிடாய், சேவல், பூசணிக்காய் எல்லாவற்றையும் கோயில் மூப்பர் மேசையில் ஏற்றிக் கூவி விற்பார். காசு கோயிலுக்கு. நோய் பிடித்த வருத்தக்காரப் பிள்ளையை நேர்ந்தவர்கள் பிள்ளையையும் மேசையில் இருத்துவார்கள். தாய் தகப்பன்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போவது வழக்கம். வேறு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அன்றைக்குப் பிரசங்கத்தில் பங்குச் சுவாமியார் சொன்னார், "ஒண்டுமில்லாமல் வந்திட்டம் எண்டு ஒருத்தரும் வெக்கப்படாதேங்கோ. உங்களைக் குடுங்கோ. அதைத்தான் ஆண்டவர் முதல் கேட்டவர்."

என்னிடம் கிடாயும் இல்லை, சேவலும் இல்லை. வெறுங்கையோடு நிற்கிற பழக்கமும் இல்லை. நேரே மேசைக்குப் போனேன்.

"என்ன நேர்த்தி கொண்டு வந்தனீர்?" என்றார் மூப்பர்.

"என்னை."

"உம்மை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"மற்றதுகளை என்ன செய்யிறியளோ, அதையே செய்யுங்கோ. வாங்கிற ஆளின்ர வேலை முடியுமட்டும் கூலியில்லாமல் நிப்பன்."

என் கணக்கு இப்படி: பிள்ளைகளை மீட்கிற மாதிரி என் மனிசி ஏதோ கேட்டு என்னை மீட்பாள், பிறகு கடவுளுக்கு நேர்ந்த மேசன் என்ற பெயரோடு நான் கெபியைத் தொடங்குவேன்.

கால் கட்டிய சேவலுக்குப் பக்கத்தில் மூப்பர் என்னை ஏற்றினார். "மேசன் ஒண்டு! பல்லுக் கொஞ்சம் குறைவு, வாய் கொஞ்சம் கூட! ஆருக்கு வேணும்?"

மனிசியைப் பார்த்துக் கண் காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வீட்டில சும்மா கிடக்கிறதைக் காசு குடுத்து வாங்கவோ?"

முற்றமே சிரித்தது. வள்ளமும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டியார் கத்தினார், "வாயில்லாமல் தருவியளெண்டால் நான் கேக்கிறன்!"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு கிடாயின் விலையை அப்படியே கேட்டது. திரும்பிப் பார்த்தால், ஏலத்தில் ஆடு வாங்கச் சிலாவத்துறையிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரி. தலையில் தொப்பி, கையில் ஆட்டுக் கயிறு.

சிரிப்பு நின்றுவிட்டது. மூப்பர் சுவாமியாரைப் பார்த்தார்.

"என்னத்தைப் பாக்கிறியள்?" என்றார் சுவாமியார். "கிடாயை விக்கேக்க அவரிட்ட என்ன வேதமெண்டு கேட்டனீங்களோ?"

சம்மாட்டியார் விளையாட்டுக்கு விலையை ஏற்றிவிட்டார், வியாபாரி விடவில்லை. அந்த வருசத்துப் பெரிய கிடாயைவிட என் விலை மேலே போனது. இதை நான் எழுதாவிட்டால் வேறொருவரும் எழுதமாட்டார்கள்.

மேசையால் இறங்கி, "சுவாமி, அப்ப கெபி?" என்று மெல்லக் கேட்டேன்.

"குடுத்ததை எங்க வைக்கிறதெண்டும் நீரே சொன்னால், அது குடுத்ததோ? போயிட்டு வாரும். பாலன் பிறக்கிற நத்தாருக்கு முன்னம் கெபி நிக்கவேணும். நீர் வந்தால் நீர், இல்லாட்டி டவுண் மேசன்."

லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பின்பெட்டியில் ஆடுகளோடு ஆடாக நானும் சிலாவத்துறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வியாபாரியின் வளவில் ஒரு தகரக் கொட்டிலும் ஒரு பழைய கிணறும்தான். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். கிணற்றுக் கட்டில் இருந்து விசயத்தைச் சொன்னார்.

"பொஞ்சாதி பிள்ளைகள் புத்தளத்தில, அண்ணன். சண்டைக்குள்ள எங்கட சனத்தை இங்கயிருந்து எழுப்பிவிட்டு, அங்க போய் இருவது வருசமாகுது. குமர்ப்பிள்ளைகளும் இருக்கு. 'கக்கூசில்லாத இடத்துக்கு வரமாட்டன்' எண்டுட்டா. மார்கழி லீவுக்கு வந்து பாக்கிறதாம். பிடிச்சா நிக்கிறதாம், பிடிக்காட்டி திரும்பி பஸ் ஏறுறதாம். ஏறினா பிறகு இந்தப் பக்கம் வரவேமாட்டா. அவவைத் தெரியும் எனக்கு."

"இங்க மேசன்மார் இல்லையோ நானா?" முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவது.

"எல்லாரும் வீட்டுத்திட்டத்தில நிக்கிறாங்க. கக்கூசு எண்டா ஒருத்தனும் வாறானில்ல."

கெபிக்கென்று நேர்ந்த கை, கக்கூசுக்கு வந்து நிற்கிறது. எந்த வேலை தொடங்கினாலும் முதல் சாந்தில் கரண்டியால் ஒரு சிலுவை கீறிவிட்டுத்தான் கல் வைப்பேன். இங்கே கீறவில்லை. காலைச் செபத்தையும் அரைவாசியில் விழுங்கினேன். இந்த இடத்துக்குள் ஆண்டவரை ஏன் இழுப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாபாரிதான் சாந்து குழைத்துத் தந்தார். நான் குழி வெட்டி, கல் அடுக்கி, குந்துகிற பீங்கானைப் பதித்து, விறுவிறென்று சுவரை ஏற்றினேன். பீங்கான் பதித்த அன்று அவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு கடல் பக்கம் பார்த்தார். தாடியைத் தடவினார். "அண்ணன், தேத்தண்ணி குடிப்பமா?" என்றார். என் கைவேலையில் மனிதர் மயங்கிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். வேறு எதை நினைப்பது?

கதவும் போட்டு, என் உடுப்புப் பையையும் கட்டி வைத்துவிட்டேன். நத்தாருக்கு இன்னும் நாள் இருந்தது. போனால் கெபி எனக்குத்தான். அந்த நேரம் பார்த்துப் புத்தளத்திலிருந்து அவருடைய மனிசி போன் எடுத்தாள். வியாபாரி சத்தத்தைக் கூட்டி என்னிடம் நீட்டினார்.

"மேசனார், செவுரு நல்ல உசரமா?"

"றோட்டால யானையில போறவனுக்கும் தெரியாது தங்கச்சி."

"உள்ளுக்குக் கொண்டி போட்டீங்களா?"

"ரெண்டு போட்டிருக்கிறன்."

"பீங்கான் எந்தப் பக்கம் பாக்குது?"

"கடலைப் பாத்து. நல்ல காத்து வரும்."

அடுத்து வந்த சத்தம் எனக்கு இல்லை, புருசனுக்கு. "கிப்லாப் பக்கமா? யா அல்லாஹ்! அந்த மனுசனுக்குத் தெரியாது. உங்களுக்கு எங்க போச்சு கண்ணு?"

போன் நின்றது. வியாபாரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன நானா இது?"

"மக்கத்துப் பக்கம் அண்ணன். தொழுற பக்கம். அங்கால முகங்காட்டியும் குந்துறல்ல, முதுகு காட்டியும் குந்துறல்ல."

"பதிச்ச அண்டைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கடவுளுக்குக் குடுத்த ஆள்" என்றார் அவர். "அப்பிடிப்பட்ட ஆளுட வேலையில எப்பிடிக் குறை சொல்லுறது? நீங்க போனப்புறம் நானே மெல்ல உடைச்சுத் திருப்புவம் எண்டிருந்தன்."

"நீங்கள் உடைச்சால் மழைக்குக் குழியும் சேந்து இடியும்."

"அதுவும் யோசிச்சன்" என்றார் பாவம்.

சாந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தேன். என் பை கொட்டில் வாசலில் கட்டினபடி இருந்தது. ஏலத்தில் சிரித்துக்கொண்டு மேசையில் ஏறினவன் நான். அதை மெய்யாக எடுத்துக்கொண்டது இந்த மனிதரும், அவருக்குப் பின்னால் ஆண்டவரும். நான் மட்டும் இன்னும் கெபியிலேயே நின்றேன்.

எழும்பிச் சுத்தியலை எடுத்தேன். நானே பதித்த பீங்கானை நானே உடைத்தேன். அவ்வளவு இறுக்கமாகப் பதித்திருந்தபடியால் லேசில் உடையவில்லை, வேலை அப்படி.

அடுத்த நாள் காலைச் செபத்தை முழுதாகச் சொன்னேன். கடைசியில் என் பாட்டுக்குக் கொஞ்சம் சேர்த்தேன்: "ஆண்டவரே, இது உம்மட கக்கூசு. வடிவாய்க் கட்டவேணும்." பிறர் வளவில் சிலுவை கீறவில்லை. கரண்டியைச் சாந்தில் படுக்கவைத்துக் கொஞ்சம் சும்மா நின்றேன். வியாபாரி பிஸ்மில்லா சொல்லிக் கல்லை எடுத்துத் தந்தார். இரண்டுபேருடைய வேண்டுதலும் ஒரே சாந்துக்குள் போனது.

பிறகு மழை பிடித்தது. குழியில் தண்ணீர் ஏறியது. இறைத்தோம், திரும்ப ஏறியது. என் மனிசி போன் எடுத்தாள்.

"டவுண் மேசன் வந்து கெபியைத் துவங்கிட்டான். நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"கக்கூசுக்குள்ள."

"அங்கயே நில்லுங்கோ. ஏலத்தில போன சாமானைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லை." அப்படிச் சொன்னாலும் அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் எனக்கு மீன்குழம்பு அனுப்பியிருந்தாள்.

கெபி போனது போனதுதான். அதில் இடது பக்கம் இப்போது ஒரு வெடிப்பு இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

வடக்குத் தெற்காகப் பீங்கான், சவர்க்காரம் வைக்க ஒரு மாடம், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் தண்ணித் தொட்டி, உள்ளங்கையால் தடவினால் வழுக்குகிற பூச்சு. கெபிக்கென்று மனதில் வைத்திருந்த வேலை முழுக்க அதற்குள் போய்விட்டது.

மார்கழி லீவில் அவர்கள் ஒரு லொறியில் வந்து சேர்ந்தார்கள். தாய் கொட்டிலைப் பார்க்கவில்லை, புருசனையும் பார்க்கவில்லை. தோளில் பையோடு நேரே கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு கொண்டி விழுந்தது, மற்றதும் விழுந்தது. தண்ணி திறக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் கிழவர்கள் இரண்டுபேரும் வெளியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அவருடைய உதடு அசைந்தது, என்னுடையதும் அசைந்தது. பிள்ளைகள் லொறியால் இறங்காமல் தாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. அவள் பையைத் தோளால் இறக்கி நிலத்தில் வைத்தாள்.

"அடுப்படியை எந்தப் பக்கம் கட்டப் போறீங்க மேசனார்?"

வியாபாரி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு கிணற்றுக் கட்டில் குந்திவிட்டார். பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள்.

வேலை முடியுமட்டும் என்று மூப்பரிடம் வாய் கொடுத்தவன் நான்தானே. நத்தார்ப் பூசைக்கு ஊருக்குப் போய்வர மட்டும் அவளிடம் லீவு கேட்டேன், தந்தாள். பிறகு கழுவிச் சாத்தி வைத்த கரண்டியை எடுத்துக்கொண்டு, "நூலைப் பிடியுங்கோ நானா" என்றேன்.