படத்தில் இருந்த சுமைதாங்கி

கழுகுமலை ரோட்டை அகலமாக்கியபோது என் மகளின் சுமைதாங்கியைப் பெயர்த்துவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனவள் அவள். அப்படிப் போகிறவளின் சுமை இறங்கட்டும் என்று வழியோரம் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல் கிடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். தலைச்சுமையோடு போகிறவர்கள் அதில் இறக்கிவைத்து மூச்சுவிட்டுப் போவார்கள். யார் இறக்கினாலும் அவளுக்கு இறங்கியது மாதிரி.

நான் யாரிடமும் கேட்டு நின்றவள் இல்லை. இதற்காக ரோட்டு ஆபீசில் நின்றேன். திரும்ப நட்டுக்கொள்ள ஓரமாக ஒரு இடம் கேட்டேன். பழங்காலத்துக் கல்லாக இருந்தால் பார்க்கலாம், அத்தாட்சி கொண்டுவா என்றார்கள்.

போன மாசம் என் அண்ணன் மகன் செல்போனோடு ஓடிவந்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பாதிரியாருக்காக யாரோ எங்கள் ஊரை வரைந்த படமாம்.

"இங்கன பாருங்க அத்தை, நம்ம ஊரு!"

"இம்புட்டுப் பச்சையாவா? கரிசக்காட்டுல எவம்லே புல்லு வளத்தான்?"

"சீமையில உள்ளவிய பாத்துச் சந்தோசப்படணும்லா."

சிரித்துவிட்டேன். அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். வேதக்கோயில், கூரை வீடுகள், பனைகள். ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு சுமைதாங்கி. அதில் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒருத்தி நிற்கிறாள். என் மகளுக்கு நட்டதும் அதே திருப்பத்தில்தான். நாங்கள் நட்டபோது அங்கே வெறும் மண்தான் கிடந்தது.

"இந்தக் கல்லுதான் அதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை. இடம் தந்துருவாவ."

"ஏலே, அது எம் மக கல்லு இல்ல."

"ஆபீஸ்காரனுக்குத் தெரியவா போவுது?"

"அந்தப் பிள்ளைக்குத் தெரியும்லா."

"எந்தப் பிள்ளைக்கு?"

படத்தில் இருக்கிற கல் எந்த வீட்டுப் பெண்ணுக்காக நட்டதோ. அவளைப் பெற்றவளும் என்னைப் போலக் கல்லை வண்டியில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே அழுதுகொண்டு நடந்திருப்பாள். பேரும் போய், கல்லும் போய், அந்தப் பெண்ணுக்கென்று மிச்சம் இருப்பது இந்தப் படம் ஒன்றுதான். அதையும் நான் வாங்கிக்கொள்வதா?

"வீறாப்பு பேசினா கல்லு நட முடியாது அத்தை" என்று கோபித்துக்கொண்டு போனான்.

அவன் சொன்னது சரிதான். இன்னும் இடம் கிடைக்கவில்லை. என் மகள் சுமந்துகொண்டேதான் நிற்கிறாள்.