உதறிய சட்டை

என் மூச்சுத்திணறலுக்குக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் தூசி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் கணவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பல வருடம் புஞ்சாக் ஆலாம் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு அறுத்தவர் அவர். நானோ அந்த வேலையிடத்தை எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

இந்த நோயாளிகளின் விவரங்களைப் பதிந்துவைக்கும் ஓர் உதவிச் சங்கத்திலிருந்து சாந்தி என்பவர் கோலா சிலாங்கூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணனோட வேலைச் சட்டைய யாருக்கா துவைப்பா?”

“நான்தான் லா. நல்லா உதறிட்டுத்தான் ஊறப்போடுவேன்.”

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கணவருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

“நான்தாம்மா அந்தத் தூசிய வீட்டுக்குக் கொண்டாந்தேன். அப்படியே எழுதிக்க,” என்றார் தலை குனிந்தபடி.

“சட்டை மாத்திட்டு வர கம்பெனியில இடம் இருந்துச்சாண்ணே?”

“அதெல்லாம் எங்க இருந்துச்சு?”

சாந்தி எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினார்: “‘உடை மாற்ற நிறுவனம் இடம் தரவில்லை.’ நடந்தது இதுதாண்ணே. இதத்தான் எழுதுவேன்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது வீட்டில் துணி துவைப்பது அவர்தான். எதையும் உதறாமலே கொடியில் போடுகிறார். என் சேலைகளெல்லாம் கசங்கிக் கிடக்கின்றன. கட்டும்போதெல்லாம் சாந்தியைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.