அரசாங்கத்திடம் இருக்கும் முகம்

லிந்தினால்வாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பத்தைந்து வருடங்களைத் தண்ணீரின் மேல் கழித்தவர். எங்கள் கஜுவேரோ ஊரில் சொந்தத் தோணியில் தனியாக மீன் பிடிக்கப் போகும் பெண்கள் மூன்று பேர். மற்ற இருவரும் தோணிக்குக் கணவன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். இவருடைய தோணியில் எந்தப் பெயரும் இல்லை. கேட்டால், "அது யாருதுன்னு அதுக்கே தெரியும்" என்பார்.

நவம்பர் முதல் தேதி ஷிக்கோ ஆற்றில் தடைக்காலம் தொடங்கும். பிப்ரவரி முடியும்வரை மீன்கள் முட்டையிட ஆற்றில் மேலேறும். யாரும் வலை இறக்கக் கூடாது. வேலை இழந்தவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையை அந்த நான்கு மாதமும் அரசாங்கம் எங்களுக்கும் கொடுக்கிறது. சிலர் அதையும் வாங்கிக்கொண்டு விடியலில் வலையும் இறக்குவார்கள். லிந்தினால்வா அந்தக் கூட்டத்தில் இல்லை. ஒரு டிசம்பரில் அக்கரைக்குப் போகும்போது, தானாகத் துள்ளித் தோணிக்குள் விழுந்த பியாவ் மீனை அவர் கையிலெடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். "போ. புள்ளையப் பெத்துட்டு மார்ச்சுல வா" என்று தண்ணீரில் விட்டார். எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

நான் மீனவர் சங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு மேசை, ஒரு கணினி, ஆற்றைப் பார்த்த ஒரு ஜன்னல். உறுப்பினர்களின் விண்ணப்பங்களை நிரப்புவது என் பொறுப்பு. முந்தின வருடம்வரை அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இந்த வருடம் முகத்தையும் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கைபேசியின் திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகத்தை வைத்து, கண் சிமிட்டு என்றால் சிமிட்டி, சிரி என்றால் சிரிக்க வேண்டும். பச்சை விழுந்தால் பணம் உண்டு.

லிந்தினால்வா திங்கட்கிழமை காலையில் வந்தார். குளித்து, தலை வாரி, ஞாயிறு பூசைக்குப் போடும் தோட்டோடு வந்திருந்தார்.

"எங்க பாக்கணும், தம்பி?"

"இந்த வட்டத்துக்குள்ள."

சிகப்பு விழுந்தது. *முகம் ஒத்துப்போகவில்லை. இன்னும் நான்கு வாய்ப்புகள் உள்ளன.*

"தோட்டால இருக்கும்" என்றார். கழற்றினார். சிகப்பு. நாற்காலியை ஜன்னலுக்கு நேராகத் திருப்பி, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்தார். அதற்கும் சிகப்பு.

"இன்னும் ரெண்டுதான் இருக்கு, தோனா லிந்தினால்வா. இப்போதைக்கு வேணாம்" என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். வயதில் மூத்த பெண்களைத் தோனா என்று மரியாதை சொல்லித்தான் இங்கே அழைப்போம். ஐந்தும் தவறினால் பூட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமைக்குள் முகம் தேறாவிட்டால் இந்த வருடத்து விண்ணப்பம் ரத்து. நான்கு மாதப் பணமும் போய்விடும். இதையெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் தோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நான்தான்னு எனக்கே தெரியும். அதுக்குத் தெரியலேன்னா அது அதோட கஷ்டம். பாத்துக்கலாம்."

செவ்வாய்க்கிழமை உதவி எண்ணுக்குக் கூப்பிட்டோம். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். ஒரே பாட்டு பதினேழு முறை ஓடியது. காத்திருந்த நேரத்தில் லிந்தினால்வா செவுள் வலையில் இரண்டு கிழிசல்களைத் தைத்துவிட்டார். ஒருவழியாகத் தொலைவில் ஏதோ ஒரு நகரத்திலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"பேசுறது லிந்தினால்வாதானா, அம்மா?"

"நானில்லாம வேற யாரு மகளே, என் பேர்ல ரெண்டு மணி நேரமா இந்தப் பாட்டக் கேட்டுட்டு உக்காந்திருப்பாங்க?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு விவரம் சொன்னாள். கைபேசியில் தெரியும் முகத்தை, வாக்காளர் பதிவின்போது எடுத்த படத்தோடு ஒப்பிடுகிறார்கள். அந்தப் படத்தில் ஏதோ கோளாறு இருக்கலாம். நேரில் போய் மாற்ற வேண்டும். அருகிலிருக்கும் நகரத்து அலுவலகத்தில் காலியாக உள்ள முதல் தேதி டிசம்பர் பத்தொன்பது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கெடைக்காதா?"

"இல்லம்மா. பதிவு பண்ணட்டுமா?"

"பண்ணு. கெடைக்கிறத வாங்கிக்குவோம்."

அன்று மதியமே ஊர் முழுக்கச் செய்தி பரவியது. முதலில் வந்தவர் அதெர்பால். இரண்டு தோணிக்காரர், பெருத்த உடம்பு, லிந்தினால்வாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே என்று உறவு சொல்லித்தான் அழைப்பார்கள்.

"என்ன கொமாத்ரே, அரசாங்கத்துக்கு உன் மூஞ்சி பிடிக்கலையாமே?"

"உன் மூஞ்சியக் காட்டிட்டியா நீ?"

"வெள்ளிக்கிழம பாத்துக்கலாம். என் அழகுக்கு அரை நிமிஷம் போதும்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். நகரத்தில் தனக்குத் தெரிந்த ஒரு தரகன் இருக்கிறான், முதல் மாதப் பணத்தில் பாதியைக் கொடுத்தால் உள்ளே ஆள் வைத்து முடித்துத் தருவான் என்றார்.

"என் மூஞ்சிய எனக்கே வெலைக்கு விப்பானா அவன்?"

"சரி, அப்ப விடியக்காலம் நாலு மணிக்கு என் கூட வா. தீவுக்குப் பின்னால ரெண்டு வீச்சு வீசினா ஒரு வாரச் சாப்பாடு. ஒருத்தனும் பாக்க மாட்டான்."

"நான் பாப்பேன்ல?"

அதெர்பால் தலையைச் சொறிந்தார். "பின்ன நாலு மாசம் என்னத்த திம்ப?"

லிந்தினால்வா ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்வி ஒன்றுதான் அவரிடம் கொஞ்சம் ஒட்டியது என்று நினைக்கிறேன். பணம் வராவிட்டால் தலைநகரத்தில் தங்கை வேலை செய்யும் வீட்டுக்கே வேலைக்குப் போக வேண்டும். போன பெண்கள் யாரும் நான்கு மாதத்தில் திரும்பியதில்லை. அவர்கள் விட்டுப்போன தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடந்து, வெயிலில் வாய் பிளந்து, கடைசியில் கோழிக்கூட்டுக்குப் பலகையாகும். அவரும் ஜன்னல் வழியாகத் தன் தோணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை, நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார்.

"தம்பி, ஒரு சங்கதி தோணுச்சு. என்னோட படத்தோட ஒப்பிடுறாங்கல்ல? அந்தப் படத்த நான் பாத்ததே இல்ல. அதக் காட்டு."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. மூன்று நாளாக இது எனக்குத் தோன்றவில்லை. வாக்காளர் அட்டையைக் கைபேசியில் இறக்கினால் படமும் சேர்ந்து வரும். எண், பிறந்த தேதி, தாய் தகப்பன் பெயர், அவ்வளவுதான் கேட்பார்கள். எல்லாவற்றையும் நிரப்பினேன். அட்டை மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது.

திரையில் ஓர் ஆண் இருந்தான். மூக்குக்குக் கீழே கரேலென்று முறுக்கிய மீசை. புருவங்கள் இரண்டும் நடுவில் கைகோத்திருந்தன. தாடையில் ஆட்டுத்தாடி. வாயெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் நடுவே முன்பல் ஒன்று கறுப்பு.

லிந்தினால்வா கைபேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அட, மாப்பிள்ளை!" என்றார் லிந்தினால்வா.

ஆறு வருடத்துக்கு முந்தைய புனித யோவான் திருநாள் அது. ஜூன் மாதத்து அந்தத் திருநாள் ஆட்டத்தில் ஒரு கேலிக் கல்யாணம் உண்டு. அந்த வருடம் ஆண்கள் பெண் வேடமும் பெண்கள் ஆண் வேடமும் போடுவது என்று முடிவாகியிருந்தது. லிந்தினால்வா மாப்பிள்ளை. ஐந்து மணிக்கு ஆட்டம். மதியம் மூன்று மணிக்கு, கைரேகையும் படமும் எடுக்கும் அரசாங்க வண்டி மாதாகோவில் திடலுக்கு வந்து நின்றது. அன்று ஒரு நாள்தான் வரும். அன்று பதியாதவர்களின் வாக்காளர் அட்டை செல்லாது என்றார்கள். வேடம் போட்டவர்களும் அதைக் கலைக்காமல் வரிசையில் நின்றார்கள்.

"எரிச்ச தக்கையில போட்ட மீச. கழுவினா திரும்ப வரைய நேரமில்ல. உள்ள ஒரு பையன் இருந்தான், தலைநகரத்துக்காரன். 'தொப்பிய எடுங்கம்மா'ன்னான், எடுத்தேன். மீசையப் பாத்தான். திரும்பவும் பாத்தான். ஒண்ணும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"பொம்பளைக்கு மீச இருந்தா மரியாத தெரிஞ்சவன் கேப்பானா தம்பி?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, உட்கார முடியாமல் சிரித்தார். சத்தம் கேட்டு அதெர்பால் உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பில் ஜன்னல் கம்பியில் இருந்த புறா பறந்துபோயிற்று.

முதலில் நிறுத்தியவர் லிந்தினால்வாதான். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. அரசாங்கத்துக்குத் தெரிஞ்ச ஆளு இவன்தான். இவனையே அனுப்புவோம். கொம்பாத்ரே, உன் வீட்டுல கஷாசா சாராய பாட்டில் இருக்கும்ல? தக்கையக் கொண்டா."

"இருக்குமாவா? காலி பாட்டிலே பதினொண்ணு இருக்கு."

நான் தயங்கினேன். "தோனா லிந்தினால்வா, இது… வேஷம் போட்டு ஏமாத்துற மாதிரி ஆகாதா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். யாரும் அப்படிப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். அன்று திரும்ப முடியவில்லை.

"யாரு தம்பி பொய் சொல்றது? இதுவும் நான். அதுவும் நான். அட்டையில இருக்கறது என் கைரேக. எனக்குச் சேர வேண்டியத நான் கேக்குறேன், வேற ஆளாட்டம் ஒண்ணும் கேக்கலையே."

தக்கை வந்தது. மெழுகுவர்த்தியில் காட்டிக் கரியாக்கினோம். நான்தான் வரைவேன் என்று அதெர்பால் பிடிவாதம் பிடித்தார். படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கருவாடு அடுக்குகிற கவனத்தோடு வரைந்தார். பல்லிலும் கரி தடவினார்.

சிகப்பு. *இன்னும் ஒரு வாய்ப்பு உள்ளது.*

அதெர்பால் தக்கையை மேசையில் வைத்துவிட்டு, "என் கை சரியில்ல கொமாத்ரே" என்றார். அவர் குரலில் கேலி இல்லாமல் கேட்டது அதுவே முதல் தடவை.

லிந்தினால்வா படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். வலையைத் தூக்குமுன் ஆற்றைப் பார்ப்பாரே, அப்படி. பிறகு எழுந்து, பின்னால் இருந்த தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நீ நேரா வரஞ்சுட்ட. அன்னிக்கு நானே கண்ணாடியப் பாத்து வரஞ்சது. எடது பக்கம் பெருசு, வலது பக்கம் சிறுசு. பாரு."

உண்மைதான். சுவரில் தொங்கிய கண்ணாடி முன் நின்று, தானே வரைந்தார். இடது பக்கம் பெரிதாக வந்தது. புருவத்தைச் சேர்த்தார். தாடையில் தாடியை ஒற்றினார். பல்லில் கரியை அழுத்தித் தேய்த்தார்.

"இன்னொண்ணு. இவ்வளவு நாளும் நான் பயந்த பொம்பள மாதிரி அந்த வட்டத்தப் பாத்திருக்கேன். மாப்பிள்ள அப்படியா பாப்பான்?"

நாற்காலியைக் காலால் தள்ளினார். நின்றார். நெஞ்சை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, மாமனார் வீட்டில் சீர் குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தவன் மாதிரி கைபேசியை முறைத்தார். கண் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். சிரிக்கச் சொன்னது. ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தச் சிரிப்பு, கறுத்த பல்லோடு அப்படியே திரும்பி வந்தது.

வட்டம் சுற்றியது. ஒரு துளி கரி அவர் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சை.

*நன்றி, லிந்தினால்வா. உங்கள் அடையாளம் உறுதி செய்யப்பட்டது.*

"பாத்தியா? மரியாதையா பேரு சொல்லுது" என்றார்.

முகத்தைக் கழுவ மறுத்துவிட்டார். அப்படியே தெரு நடுவில் நடந்துபோய், ரொட்டிக் கடையில் காபி வாங்கிக் குடித்து, கேட்டவர்களுக்கெல்லாம் மீசையை நீவிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அவருக்கு நேர் பின்னால் நடந்த அதெர்பால், வழி நெடுக "மாப்பிள்ளை வர்றாரு, விலகு" என்று கூவிக்கொண்டே போனார். பாதி வழியில் அவர் குரல் நின்றது. திரும்பி ஓடி வந்து என் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"தம்பி. அன்னிக்கு மணப்பொண்ணு யாரு?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை சங்கக் கதவைத் தாழிட்டுக்கொண்டோம். அதெர்பால் தன் மனைவியின் உதட்டுச் சாயத்தை ஒரு வெற்றுத் தீப்பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தார். கன்னத்துக்குச் சிவப்புப் பூசி, புள்ளி வைத்து, கொசுவலையை முக்காடாகப் போட்டுவிட்டவர் லிந்தினால்வா. "சிரிக்காத கொம்பாத்ரே, படத்துல நீ வெக்கப்படுற" என்றார். முதல் தடவையிலேயே பச்சை விழுந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம் பணம் வந்தது. தோணி கரையில்தான் கவிழ்ந்திருந்தது, ஆனால் புதுத் தார்ப் பூச்சோடு. பகலில் ஆற்றின் நடுவே மீன்கள் துள்ளும்போது லிந்தினால்வா வேலி ஓரத்தில் வலை தைத்தபடி எண்ணுவார். சத்தமாகவே எண்ணுவார்.

பத்தொன்பதாம் தேதி நகரத்துக்குச் சங்க வேலையாகப் போன நானும் லிந்தினால்வா ஏறிய பேருந்தில் இருந்தேன். படத்தை மாற்றிவிட்டால் அடுத்த நவம்பரில் தொல்லையில்லை என்று அவர் புதுச்சட்டை போட்டிருந்தார். அலுவலகத்தில் இளம் குமாஸ்தா ஒருவன் எண்ணைத் தட்டினான்.

"படம் மாத்தணும், அவ்வளவுதானேம்மா? அதுக்கு முன்னாடி, இது நீங்கதான்னு பழைய பதிவோட ஒரு தடவ ஒத்துப் பாக்கணும். காமிராவப் பாருங்க."

லிந்தினால்வா காமிராவைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடியும், காகிதத்தில் சுற்றிய பாதி எரிந்த தக்கையும் இருந்தன.

"அஞ்சு நிமிஷம் குடு மகனே" என்றார். "அவரக் கூட்டிட்டு வந்துடறேன்."