பதினொரு கத்திகளும் ஒரு காலிப் பள்ளமும்

என் தங்கையின் கணவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தலை வழுக்கையாகி, பேத்தியும் பிறந்துவிட்டாள். இருந்தாலும் எனக்கு அவர் இன்னமும் மாப்பிள்ளைதான். தெருவில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். லென்ஸை அரைத்துச் சட்டத்தில் பொருத்தும்போது கால் மில்லிமீட்டர் பிசகினாலும் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். இப்படிப்பட்ட மனிதர் கத்தி சேர்த்தால் எப்படிச் சேர்ப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

படுக்கையறை அலமாரியில் இரண்டாவது இழுப்பறை. நீளம் எழுபது சென்டிமீட்டர், அகலம் நாற்பத்தொன்று. அளந்தது நான்தான். உள்ளே பச்சைத் துணி ஒட்டி, பன்னிரண்டு கத்திகளுக்குப் பன்னிரண்டு பள்ளங்கள் வெட்டி வைத்திருந்தார். பதினொன்றில் கத்திகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் எண் எழுதிய சிறு சீட்டு. பன்னிரண்டாவது பள்ளம் மட்டும் காலி. இருபத்துநான்கு சென்டிமீட்டர் நீளம், ஒல்லி. சீட்டும் தயாராக ஒட்டியிருந்தது.

எல்லாம் ஒரே கை செய்தவை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் ஓர் அம்மாள். முன்பு அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தவர். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, ஆண்டுக்கு முப்பது கத்திகள் செய்வார். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மாப்பிள்ளை நேரில் போய் வாங்கியது ஒன்றுதான். மற்ற பத்தும் தொலைபேசியில் சொல்லிக் கூரியரில் வந்தவை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவற்றை வெளியே எடுத்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து, திரும்பப் படுக்க வைப்பார். அதே வீட்டின் சமையலறையில் என் தங்கை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பிடிக் கத்தியால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்தக் கத்தி தக்காளியை நசுக்கும், வெங்காயத்தை மிரட்டும், அவ்வளவுதான்.

"உள்ள பதினோரு ராஜா படுத்துக் கெடக்காங்க. இங்க இந்தக் கெழவன் ஒருத்தன்தான் உழைக்கிறான்" என்பாள்.

மார்ச் மூன்றாம் தேதி பட்டறையம்மாவின் அழைப்பு வந்தது. நான் அந்த வீட்டு மாடியில் குடியிருப்பவன். அப்போது கீழே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு ஆண்டுகளாக அவர் காத்திருந்த பன்னிரண்டாவது கத்திக்கு முறை வந்துவிட்டது.

"ஆனா இப்ப ஒரு சட்டம் போட்டிருக்கேன் சார். இதுவரைக்கும் எங்கிட்ட வாங்கின கத்தி எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. பாத்துட்டுதான் ஆர்டர் எழுதுவேன்."

"எதுக்கும்மா பாக்கணும்?"

"வேலை செஞ்சிருக்கான்னு பாக்கணும். படுக்க வச்சு அழகு பாக்கவா நெருப்புல நின்னு அடிக்கிறேன்? அப்படி வச்சிருக்கவங்களுக்கு இனிமே கெடையாது. ஏப்ரல் பன்னெண்டுக்குள்ள வந்துருங்க."

மாப்பிள்ளை சுவர் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினார். நாற்பது நாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்கதான் எல்லாத்தையும் நோட்டுல தேதி போட்டு எழுதறவராச்சே. ஒன்பது வருஷமா இன்ன தேதி இன்ன காய் வெட்டினாருன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன். உங்க எழுத்தப் பாத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"நறுக்காத வெங்காயத்த என் நோட்டுல எழுத முடியாது மாப்ள."

மறுநாள் கடையிலிருந்து அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து இரண்டு கத்திகளால் கிழித்துப் பார்த்தார். கூர் கொஞ்சம் மழுங்கியது. பளபளப்பு அப்படியே இருந்தது. அந்த எஃகு எலுமிச்சையும் வெங்காயமும் பட்டால்தான் சாம்பல் கலந்த நீலமாக நிறம் மாறும். அட்டைக்கு மாறாது. பட்டறையம்மாவுக்கு இது தெரியாதா?

ஆறாம் தேதி வேறு வழியில்லாமல் நான்காம் எண் கத்தியோடு சமையலறைக்குள் போனார். பலகையில் ஒரு வெங்காயம். கத்தியை அதன்மேல் பிடித்தபடி ஏழு நிமிடம் நின்றார்.

"ஏங்க, அது வெங்காயம். கண் ஆபரேஷன் இல்ல. குடுங்க இப்படி" என்று தங்கை வாங்கிக்கொண்டாள்.

அவள் இடதுகைக்காரி. பள்ளியில் வாத்தியார் ஸ்கேலால் தட்டியும் மாறாத கை. வெங்காயம் இரண்டாயிற்று, நான்காயிற்று. சத்தமே இல்லை. கத்தியைப் பார்த்தாள், வெங்காயத்தைப் பார்த்தாள், பிறகு மெதுவாகக் கணவரைப் பார்த்தாள்.

"இருவத்திரெண்டு வருஷம்!"

அவள் கையில் கத்தி இருந்ததால் மாப்பிள்ளை இரண்டடி பின்னால் போனார்.

அன்று முதல் வீட்டில் கத்திகளின் ராஜ்யம். நறுக்கியதை நறுக்கிய நாளிலேயே குறித்துவைத்தேன்: மொத்தம் வெங்காயம் 312, கேரட் 148, முட்டைக்கோஸ் 19, பூசணி 6. முட்டைக்கோஸ் பத்தொன்பதில் பாதிக்கு மேல் என் வயிற்றில்தான் இறங்கியது. எதிர் வீட்டு டீச்சர் பூசணியைச் சுவரின்மேல் வைத்துவிட்டு, "உங்க வீட்டுல வெட்டித் தர்றாங்களாமே" என்று நின்றார். தங்கை ஒவ்வொரு கத்திக்கும் பெயர் வைத்தாள். இரண்டாவது, குட்டையன். ஒன்பதாவது விறைப்பாக இருப்பதால் வாத்தியார். முனை நீண்ட ஏழாவது, மூக்கன். மாப்பிள்ளை அவள் பின்னாலேயே துணியோடு நின்று, ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் துடைத்தார். "தள்ளி நில்லுங்க, முழங்கை இடிக்குது" என்பது அந்த மாதம் அதிகம் கேட்ட வாக்கியம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை; எண்ணியிருக்கலாம்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி விபத்து நடந்தது. காப்பித்தூள் டப்பாவின் மூடி திறக்கவில்லை. தங்கை மூக்கனின் முனையைக் கொடுத்து நெம்பினாள். மூடி திறந்தது. முனையில் இரண்டு மில்லிமீட்டர் உடைந்து டப்பாவுக்குள் விழுந்தது.

"கத்திய வச்சு யாராவது நெம்புவாங்களா?"

"ஸ்பூன் வளைஞ்சு போச்சு. அதான்."

"ஸ்பூன் வளைஞ்சா?"

"கத்தி ஸ்பூனவிடப் பெரிசுதானே?"

மாப்பிள்ளை அன்று மதியம் சாப்பிடவில்லை. பன்னிரண்டாவது கத்தி கைநழுவிப் போனது என்றே முடிவு கட்டிவிட்டார். தூளிலிருந்து பொறுக்கித் துண்டில் சுற்றிவைத்த அந்த இரண்டு மில்லிமீட்டரை அடிக்கடி எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். டப்பாவிலிருந்த தூளையும் சலித்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டினோம்.

ஏப்ரல் பதினோராம் தேதி மூவரும் வாடகைக் காரில் போனோம். கத்திகள் கைத்துண்டுகளில் சுற்றி மாப்பிள்ளையின் மடியில் இருந்தன. பட்டறை ஒரே அறை. ஓர் அடுப்பு, ஒரு பட்டடைக்கல், ஓடாத மின்விசிறி, சன்னலோரம் உயரமான மேசை. பட்டறையம்மா கையைத் துடைத்துக்கொண்டு கத்திகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு கத்திக்குச் சராசரி நான்கு நிமிடம். கடைசியில் பிடிகளையெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கினார்.

"சார், நீங்க இடதுகைப் பழக்கமா?"

"இல்லீங்களே."

"பிடியில கட்டைவிரல் பட்டு கறுத்தது எல்லாம் வலது பக்கம். வலதுகையில பிடிச்சா இடது பக்கம்தான் கறுக்கும். அதுவும் ரெண்டு மாசம்கூட ஆகாத கறுப்பு. யாரு வெட்டினது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஓடாத மின்விசிறியைப் பார்த்தேன். பேச வேண்டியவர் அவர்.

"நான் ஒரு வெங்காயம்கூட வெட்டினதில்லம்மா" என்றார். "எண்ணெய் போட்டுத் துடைச்சேன், அவ்வளவுதான். வெட்டினது இவதான். அதுவும் முப்பத்தாறு நாள்தான்." சொல்லிவிட்டுத் துண்டுகளை மடிக்கத் தொடங்கினார். புறப்படுகிற மனிதரின் கை அது.

பட்டறையம்மா அவரைக் கவனிக்கவில்லை. தங்கையின் பக்கம் திரும்பியிருந்தார். "கத்தி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குன்னு சொல்லு" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார்.

"கூர்மையெல்லாம் குறை சொல்ல முடியாது" என்றாள் தங்கை. "ஆனா மூணாம் நம்பர் பிடி, கை ஈரமானா வழுக்குது. எல்லாக் கத்தியும் எங்கையில சாயுது. கேரட் மேல தடிப்பு, அடியில மெல்லிசு. அப்புறம் இந்த மூக்கனுக்கு முனை எதுக்கு இவ்வளவு மெல்லிசு? ஒரு டப்பா மூடி, அதத் தாங்கல."

மாப்பிள்ளை இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பட்டறையம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"டப்பா மூடியா! சார் ஒவ்வொரு கத்தி வந்ததும் போன் பண்ணி அற்புதம், அற்புதம்னாரு. அத வச்சு நான் என்ன பண்ணட்டும்? ஒன்பது வருஷத்துல இந்தம்மாதான் எனக்கு உருப்படியா ஒரு வார்த்தை சொல்லிருக்காங்க." மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தங்கையின் இடது உள்ளங்கையை நாடாவால் அளந்தார். "வலதுகைக்குன்னே ஒரு பக்கமா சரிச்சுத் தீட்டறேன். அதான் சாயுது. பன்னெண்டாவது உண்டு. ஆனா இந்தக் கைக்கு."

மாப்பிள்ளை முகத்திலிருந்து கையை எடுத்தார். "நீளம் இருவத்துநாலு..."

"வாள் சண்டைக்கா போறோம்? பதினெட்டு போதும்" என்றாள் தங்கை.

"இருவது?"

"பத்தொம்பது" என்று எழுதி நோட்டை மூடினார் பட்டறையம்மா.

மூக்கனுக்கு அங்கேயே புது முனை தேய்த்துக் கொடுத்தார். இப்போது அவன் சற்று மூக்குச் சப்பை.

ஜூன் இருபதாம் தேதி பன்னிரண்டாவது கத்தி வந்தது. மாப்பிள்ளை அளந்தார்: பத்தொன்பது, துல்லியமாக. அதற்குமேல் அவர் கையில் அது நிற்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய்விட்டது. காலிப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றவரைத் தங்கை கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு சிவப்புப் பிடிக் கத்தியைக் கழுவித் துடைத்து அந்தப் பள்ளத்தில் வைத்தாள்.

"இவனும் உழைச்சவன்தானே. ஓய்வெடுக்கட்டும்."

பள்ளம் அதற்கும் ஐந்து சென்டிமீட்டர் பெரிது. மாப்பிள்ளை எடுத்து எறியவில்லை. 'பன்னிரண்டு' என்ற சீட்டை நேராக்கி ஒட்டினார்.

மறுநாள் காலை சமையலறை வாசலில் நின்று கேட்டார்: "ஒரே ஒரு கேரட், நான் அதுல வெட்டிப் பாக்கட்டுமா?"

தங்கை பெருந்தன்மையோடு நகர்ந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவர் வெட்டிய முதல் கேரட். துண்டுகள் மேலே தடிப்பு, அடியில் மெல்லிசு. அவர் லென்ஸ் அளக்கும் கருவியைக் கொண்டுவந்து அளந்து பார்த்துவிட்டு, பட்டறையம்மாவுக்குப் போன் போட்டார்.

"எங்கையில சாயுதும்மா."

"அப்பாடா, இப்பதான் சார் குறை சொல்றீங்க. வலதுகைக்கு உங்ககிட்ட பதினொண்ணு இருக்கே, அதுல வெட்டுங்க. வெட்டிட்டு நாலு குறை சொல்லுங்க. பதிமூணாவதப் பத்தி அப்புறம் பேசலாம்."

அன்றிலிருந்து வீட்டில் கேரட் மாப்பிள்ளையின் இலாகா. நேற்றுவரை அறுபத்து நான்கு கேரட் வெட்டியிருக்கிறார். துண்டுக்குத் துண்டு அளந்ததில், கால் மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் வந்தவை ஒன்பது. மற்ற ஐம்பத்தைந்துக்கும் ருசியில் எந்தக் குறையும் இல்லை.