ஒரு கை தண்ணீர்

சிங்கப்பூரில் எனக்கு இது முதல் ஞாயிறு. தேக்காவுக்கு அருகே தமிழ் மாதா கோவிலில், ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு நரக நெருப்புதான் என்று பிரெஞ்சுச் சாமியார் தன் தமிழில் முழங்குகிறார். என் பக்கத்தில் எங்கள் தெருப் பால்காரர் மனைவி மரியாயி முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுகிறாள்.

பூசை முடிந்ததும் விசாரிக்கிறேன்.

"எம்புள்ள எரியுது, தங்கச்சி. பொறந்த அன்னிக்கே, சாமி வர்றதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு."

"உசுரு இருக்கும்போது யாராவது தலையில தண்ணி ஊத்துனாங்களா, அக்கா?"

"நான்தான் ஊத்துனேன். ஊர்ல மருத்துவச்சி சொல்ற மாதிரி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து பேரால ஞானஸ்நானம் குடுக்கிறேன்னும் சொன்னேன். மாட்டுக்கொட்டாய்ல பொம்பள ஊத்துனா செல்லுமா?"

"செல்லும்! சாகப்போற நேரத்துல யார் குடுத்தாலும் செல்லும்."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஞானோபதேசப் புத்தகம் முழுவதும் எனக்கு மனப்பாடம்.

"நீ சொன்னா ஆச்சா? சாமில்ல சொல்லணும்!"

அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சாமியாரிடம் நடந்ததைச் சொல்கிறேன். அவர் குரல் தணிகிறது.

"செல்லும் அம்மா. உன் பிள்ளை மோட்சத்தில் இருக்கிறான்."

மரியாயி வாசலுக்கு ஓடுகிறாள். அங்கே காத்திருக்கும் புருஷனிடம், தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துகிறாள்:

"கேட்டீங்களா? நம்ம புள்ளைக்கு நான்தான் சாமியாரு!"