ஏரிக்கரை வளைவுகள்

மிச்சிகனின் மஸ்கீகன் ஊரில் பேருந்து ஓட்டிய வெர்ன் லிண்ட்குவிஸ்டிடம் இளவயதில் வாங்கிய, பெரிய இஞ்சின் வைத்த மசில் கார் ஒன்று இருந்தது. நேர்ச்சாலையில் அது பறக்கும். வளைவு வந்தால் படகைப் போல ஒருபக்கமாகச் சாயும். அவர் மனைவி ஆர்லீன் தன் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அதில் ஏறுவதையே விட்டுவிட்டாள்.

"உன் வண்டில வந்தா இடுப்பு கழண்டு ரோட்டுல விழுந்துடும்" என்பாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெர்ன் கார் ஷெட்டே கதியென்று கிடந்தார். ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார். வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும் தடித்த கம்பியைப் பூட்டினார். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டு, கடைசியில் பவர் ஸ்டீயரிங்கும் வைத்தார்.

பக்கத்து வீட்டு டுவேன் எட்டிப் பார்த்தான். "இஞ்சினத் தொடவே இல்லையா? என்னப்பா, தொட்டில் கட்டுறியா?"

"ஆமா, அவளுக்குத்தான்."

பனி உருகியதும் வெர்னும் ஆர்லீனும் அந்தக் காரிலேயே அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். அக்காவுக்காகச் சுட்ட செர்ரிப் பழப் பலகாரம் தட்டோடு ஆர்லீனின் மடியில் இருந்தது. ஏரிக்கரை வளைவுகளில் அது துளியும் நகரவில்லை. பாதி வழியில் அவள், "நிறுத்து" என்றாள்.

வெர்ன் வண்டியை ஓரங்கட்டினார். "வலிக்குதா?"

"இல்ல. நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. நான் ஓட்டுறேன்."

இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. பலகாரத் தட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு மலர்ந்த அவள் முகத்தையே அவர் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஆர்லீன், அக்கா வீடு தாண்டிப் போச்சு."

"தெரியும்" என்றாள். "பேசாம வா."